அட்டையும் அகமும்: சிவகாசி வட்டாரப் படக்கதை ஓவியம் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

ஓவியம் வரையக் கற்ற ஒருவர் படக்கதைத் துறையில் நுழைந்து அத்தொழிலால் வாழ்வது யாங்ஙனம் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குப் பிழைப்பைப் பற்றிய வினாவாகத் தோன்றும். திறனாய்வாளர் இதனுட் புகுதல் வேண்டா என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. சங்கப் பாடல்களை ஆராய்வார் புரவலரையும் பரிசிலையும் விலக்கி ஆராய இயலாது. பாணரும் பொருநரும் கூத்தரும் எவ்வாயிலில் நின்றனர், எதனைப் பாடிப் பரிசில் பெற்றனர் என்பது அப்பாடல்களின் வடிவத்தையே வகுத்தது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை அவ்வாழ்விலிருந்து தோன்றியதே. அவ்வாறே, படக்கதை ஓவியர் எவ்வாயிலில் நின்றார், எதனை வரைந்து கூலி பெற்றார் என வினவினாலன்றி அவர்தம் கலையின் நிறையும் குறையும் புலனாகா.

காமிக்ஸ் எனப் பொதுமக்கள் வழங்கும் நூலையே ஈண்டுப் படக்கதை என்கின்றோம். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய கட்டங்களால் கதை நிகழ்வது படக்கதை. எழுத்தால் நிகழும் கதைக்கு அருகே படத்தை வைப்பது விளக்கப்படம். இவ்விரண்டும் வேறு, இவற்றுக்கு வேண்டும் திறன்களும் வேறு. பின்வரும் ஆராய்ச்சி முழுதும் இவ்வேறுபாட்டின்மேல் நிற்பதாகலின் இதனை முதற்கண் குறித்தோம்.

வட்டாரமும் தொழிலும்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை அடுத்துள்ள எம். புதுப்பட்டியை இவ்வாய்வின் நிலைக்களனாகக் கொள்கின்றோம். அவ்வூரில் வளரும், கரித்துண்டு கிடைத்தாற் சுவரெல்லாம் வரையும் இயல்புடைய ஓர் இளைஞனையோ இளம்பெண்ணையோ எண்ணிக் கொள்வோம். தாளும் மையும் அச்சகமும் பதிப்பகமும் ஓவியக்கூடமும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் ஒருங்கே அமைந்த நிலம் தமிழகத்தில் பிறிதொன்று காண்டல் அரிது. இவ்விளைஞர்க்கு வாயில் திறவாதாயின் வேறெவர்க்குத் திறக்கும்?

இவ்வட்டாரத்து அச்சுத் தொழில் தீக்குச்சியின் வழியே வந்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சுக்குப் படம் வேண்டும். 1940-ஆம் ஆண்டின் வெடிமருந்து விதிகளுக்குப் பின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் பெருகவே, லேபிளின் தேவையும் பெருகிற்று. மழை குறைந்த கரிசற் காட்டில் ஆலைத் தொழிலும் அச்சுத் தொழிலும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. வட்டார வழக்கில் 'பயராபீஸ்' எனப்படும் ஆலைக்கு ஒருவரும், அச்சகத்திற்கு ஒருவரும் செல்வது இப்பகுதிக் குடும்பங்களிற் காணப்படும் இயல்பு.

ஆலை வாழ்வின் இடர் யாவரும் அறிந்ததே. 2023 அக்டோபர் 17-ஆம் நாள் எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்தில் நேர்ந்த பட்டாசு விபத்தில் பத்துக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். ஆகவே, கையில் ஒரு கலையுடையார் அக்கலையால் வாழ வழியுண்டா என்று வினவுதல் இந்நிலத்தில் பொழுதுபோக்கு வினாவன்று.

இந்நிலத்து ஓவியர்க்குக் கிடைத்த பணிகள் மூன்று. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வரைதல் ஒன்று. நாட்காட்டிக்குத் தெய்வப் படம் வரைதல் ஒன்று. நூல்களுக்கு அட்டைப்படம் வரைதல் ஒன்று. லித்தோ அச்சு நிலவிய காலத்தில், மூலப்படத்தின் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே பிரித்துக் கல்லிலோ தகட்டிலோ கையாற் புள்ளியிட்டு வரைந்தவரும் ஓவியரே. அவர்தம் பெயர் எங்கும் அச்சேறியதில்லை. அவர்தம் கைவண்ணமோ நாடெங்கும் கடைதோறும் தொங்கிற்று. எனவே இவ்வட்டாரத்தில் ஓவியத் திறன் இல்லை என்று எவரும் கூறவொண்ணாது. யாம் வினவுவது வேறு. இத்துணைத் திறனிருந்தும், படக்கதை நூல்கள் இங்கேயே அச்சாகியும், அந்நூல்களின் உட்பக்கங்களை இந்நிலத்து ஓவியர் வரைந்தது ஏன் மிகச் சிறிதாயிற்று?

நிலைத்த படத்தின் மரபு

இவ்வினாவுக்கு விடைகாண, இவ்வட்டார ஓவியர் யாரிடம் பயின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். சிவகாசிக்குத் தெற்கே கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) இம்மரபின் தலைவர். சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்றவர்; திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கியவர்; பின்னர் நாடகக் குழுவிற்குத் திரை எழுதியவர். 1940-களில் கோவில்பட்டியில் நிலைபெற்று மாணாக்கர் பலரை உருவாக்கினார். டி.எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் முதலியோர் அவர் வழியினர். சிவகாசியில் அச்சான அவர்தம் தெய்வப் படங்கள் தமிழகத்து இல்லங்களிற் பூசை பெற்றன.

இப்படங்களின் இயல்பு யாது? தெய்வம் காண்பாரை நேர்நோக்கி நிற்கும். திருமேனி முழுதும் புலப்படும். அணிகலன் ஒன்றும் மறையாது. பின்னணி நாடகத் திரைபோல விரிந்து நிற்கும். முன்னணியில் உள்ளதனோடு அது போட்டியிடாது. ஓராண்டு முழுதும் சுவரில் தொங்கி, நாள்தோறும் விளக்கேற்றப்படும் படம் அது. காலையிற் கண்டார்க்கும் மாலையிற் கண்டார்க்கும் அது நிறைவே தருதல் வேண்டும். அப்படத்திற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதனை யாம் நிலைத்த படம் என்கின்றோம்.

லேபிளும் இவ்வினத்ததே. பட்டாசுக் கடையில் நூறு பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டி கண்ணைக் கவர வேண்டும். எழுத்தறியாதாரும் படத்தைக் கொண்டே தமக்கு வேண்டிய மார்க்காவைக் கேட்டு வாங்க வேண்டும். எனவே ஒரு புலியோ ஒரு மயிலோ ஒரு குழந்தையோ நடுவில் நின்று ஒரே பொருளைத் தெளிவாக உணர்த்துதல் வேண்டும். ஐயத்திற்கு இடம் தரும் லேபிள் தோற்ற லேபிளே. இம்மரபில் தேர்ந்த கை எதனை நன்கு கற்றது, எதனைக் கல்லாது விட்டது என்பதே நம் ஆராய்ச்சியின் நடுவிடம்.

மெய்ப்பாடும் எச்சமும்

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்குரிய உறுப்புகளை முப்பத்து நான்காக எண்ணுகின்றார். அவற்றுள் மெய்ப்பாடும் எச்சமும் ஈண்டுக் கருதத்தக்கன. உய்த்துணர வேண்டாமல் பொருள் தானே கண்முன் தோன்றுமாறு முடிப்பது மெய்ப்பாடு. சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் நிரப்பி முடித்துக்கொள்ளுமாறு விடுவது எச்சம். முன்னது கேட்பானுக்கு உழைப்பு வையாது. பின்னது அவனை உழைக்கச் செய்து கூட்டாளியாக்கும். நல்ல செய்யுளில் இரண்டும் வேண்டும்.

இவ்விலக்கணம் செய்யுளுக்குக் கூறப்பட்டது. ஓவியத்திற்கு அதனைக் கொண்டு செல்லுதல் பொருந்துமா எனின், பொருந்தும் என்றே கொள்கின்றோம். படக்கதையில் ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையே சிறு வெள்ளை இடைவெளி உளது. முதற்கட்டத்தில் ஒருவன் கதவின் பிடியிற் கைவைக்கின்றான். அடுத்த கட்டத்தில் அவன் அறைக்குள் நிற்கின்றான். கதவு திறந்ததை ஓவியர் வரையவில்லை. படிப்பவரே திறந்து கொள்கின்றார். அவ்வெள்ளை இடைவெளி குறிப்பெச்சத்தின் இருப்பிடம். எதனை வரைவது என்று துணிவதிற் பாதியும், எதனை வரையாது விடுவது என்று துணிவதிற் பாதியுமாகப் படக்கதை ஓவியரின் அறிவு தொழிற்படுகின்றது. வரைய வேண்டியதை விட்டாற் கதை அறுபடும். விட வேண்டியதை வரைந்தாற் கதை நொண்டும்.

இப்பொழுது வேறுபாடு விளங்கும். லேபிளும் நாட்காட்டியும் அட்டைப்படமும் மெய்ப்பாட்டின் கலைகள். அச்சமோ பெருமிதமோ உவகையோ ஒன்றே ஒரு நோக்கில் முற்றத் தோன்றல் வேண்டும். படக்கதையின் உட்பக்கமோ எச்சத்தின் கலை. அதன் ஒரு கட்டத்தைத் தனியே பெயர்த்தெடுத்தால் அது குறையுடையதாகவே தோன்றும். அக்குறையே அடுத்த கட்டத்திற்குக் கண்ணை ஈர்க்கும் விசை. நிறைவான படம் வரைவதில் முப்பதாண்டு தேர்ந்த கைக்கு, வேண்டுமென்றே நிறைவிலாப் படம் வரைதல் எளிதன்று.

எச்சத்தின் கலை தமிழர்க்குப் புதிது என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. பரிபாடல் காட்டும் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில், ஓவியங்களைக் கண்டோர் இவர் யார், இது யாது என வினவவும், அறிந்தோர் அகலிகை கதை முதலியவற்றைச் சுட்டி விடை கூறவும் காண்கின்றோம். படம் பாதியும் பேச்சுப் பாதியுமாக ஆங்கே கதை நிறைவுற்றது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டில் தீட்டப்பெற்ற முசுகுந்தன் வரலாறு, வரிசை வரிசையான பட்டைகளாக, கீழே தமிழில் எழுதிய குறிப்புகளுடன் நடக்கின்றது. அதனை வரைந்த ஓவியர் சிங்காதனம் என்பாரின் பெயரும் அவ்வோவியத்தின் வழியே நமக்குக் கிடைத்துள்ளது. அடுக்கிய படம், அடியில் எழுத்து, ஓவியர் பெயர் என்னும் மூன்றும் அங்கே உள. மரபு இருந்தது, கோவிற் சுவரிலிருந்து அச்சுத் தாளுக்கு அது வந்து சேரும் வழிதான் தூர்ந்து போயிற்று.

இரும்புக்கை மாயாவி

1972-ஆம் ஆண்டு சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அதன் தொடக்கக் காலத்து ஆசிரியர். முதல் நூல் 'இரும்புக்கை மாயாவி'. தமிழ்ச் சிறுவர் தலைமுறைகள் பலவற்றின் நெஞ்சில் நின்ற அந்நூலின் படங்களை வரைந்தவர் தமிழரல்லர், ஆங்கிலேயருமல்லர். இலண்டனிலிருந்து வெளிவந்த 'வேலியண்ட்' என்னும் வார இதழில் 1962 முதல் அக்கதை வந்தது. ஓவியர் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ (1919–1995). அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லை. எனவே பார்சிலோனாவில் வரைந்து, இலண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழ் பேசிய அப்படங்களின் ஆசிரியர் பெயரை நம் சிறுவர் நெடுங்காலம் அறியாதிருந்தனர்.

இக்கதை நம் ஆராய்ச்சிக்குத் தனிப்பயன் உடையது. கதைத்தலைவன் மின்சாரம் பாய்ந்தவுடன் கண்ணுக்குத் தோன்றாதவனாகின்றான். அவனுடைய இரும்புக் கை ஒன்றே புலப்படும். தலைவனையே வரையாமல் தலைவனைக் காட்ட வேண்டிய இடர் ஓவியர்க்கு நேர்கின்றது. பிளாஸ்கோ இதனை எங்ஙனம் வென்றார்? வெளியில் மிதக்கும் கையை வரைந்தார். அதனைக் கண்டு மருளும் முகங்களை வரைந்தார். கை இருக்குமிடமும் சாய்வும் கொண்டு, இல்லாத உடல் குனிகின்றதா, ஓடுகின்றதா, பதுங்குகின்றதா என நாம் உணருமாறு செய்தார். அச்சமும் மருட்கையும் பிறர் முகத்தில் மெய்ப்பாடாகத் தோன்ற, தலைவன் எச்சமாக நிற்கின்றான். கறுப்பு மையை ஆழமாகத் தேக்கி, ஒளியை ஓரிடத்தில் மட்டும் விழவிடும் அவர்தம் வரைமுறை, இல்லாதானுக்கு ஓர் இருப்பைத் தருகின்றது.

இதே கதைக்கு அட்டைப்படம் வரைவார்க்கு நேரும் பணி வேறு. இரும்புக் கையைப் பெரிதாக, ஒளிவீசத் தீட்டுதல் வேண்டும். அது கடையில் தொங்கும்போது தொலைவிலிருந்தே தெரிதல் வேண்டும். இப்பணியை நாட்காட்டி மரபிற் பயின்ற கை மிக நன்றாகச் செய்யும். லயன், முத்து இதழ்களின் அட்டைகள் பலவற்றைச் சிவகாசி வட்டார ஓவியர் தீட்டியுள்ளனர். பிறநாட்டுக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு நம் நாட்டு வண்ணச் சட்டை போர்த்திய அவ்வட்டைகள் இகழத்தக்கன அல்ல. முகங்களுக்கு அவை நம் நிறத்தின் வெம்மையை ஊட்டின. திரைப்பட விளம்பரத் தட்டியின் துணிவை நூலட்டைக்குக் கொணர்ந்தன. ஆயினும் அட்டையைத் திறந்தவுடன் அக்கை மறைந்து பிறநாட்டுக் கை தொடங்குகின்றது. நம் ஓவியர் வாயிலிற் காவல் நின்றார், இல்லத்தினுள் வாழவில்லை.

வாயில் அடைபட்டது ஏன்

இதற்குப் பதிப்பாளரைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் அது நேர்மையாகாது. கணக்கை நோக்குவோம். ஓர் ஓவியர் நாளொன்றுக்கு ஒரு பக்கம் முடிப்பார் என்று தாராளமாகவே கொள்வோம். நூறு பக்க நூலுக்கு நூறு நாள் வேண்டும். அந்நூறு நாளும் அவர்க்கும் அவர் இல்லத்தார்க்கும் உணவு வேண்டும். அதற்கு முன்னர்க் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதிய கதைத்திட்டம் வேண்டும். அதனை எழுதுவார்க்கும் ஊதியம் வேண்டும். இத்துணையும் ஒரு மொழியிற் சிறிய விலைக்கு விற்கும் நூலிலிருந்து மீளுதல் வேண்டும். பிறநாட்டுக் கதையோ முன்னரே வரையப்பட்டது. வரைந்த கூலி அந்நாட்டு விற்பனையிலேயே அடைந்தது. பல நாடுகளுக்கு உரிமை விற்கும்போது ஒவ்வொரு நாட்டின் பங்கும் சிறிதாகின்றது. மாதந்தோறும் நூல் தர வேண்டிய பதிப்பாளர் எவ்வழியைத் தேர்வார் என்பதிற் புதிர் இல்லை.

1984 சூலையில் தொடங்கிய லயன் காமிக்ஸும் இவ்வழியே சென்றது. அதன் ஆசிரியர் சி. விஜயன் என்று அச்சாவதில்லை, எஸ். விஜயன் என்றே அச்சாகும். அவர் முத்து காமிக்ஸ் நிறுவனரின் மகன். முதல் நூல் 'கத்தி முனையில் மாடஸ்டி', ஆங்கிலேயப் படைப்பு. பின்னர் இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பிரெஞ்சு மொழியின் லக்கி லூக்கும் கேப்டன் டைகர் என்னும் பெயரிற் புளூபெரியும் தமிழ் பேசினர். உலகப் படக்கதையின் சிறந்த கைகள் பலவற்றைத் தமிழ்ச் சிறுவர்க்குக் காட்டியது இப்பதிப்பகமே. இஃது ஒரு பெரும்பேறு. ஆயின் அப்பேறே உள்ளூர் ஓவியர்க்கு உயர்ந்த அளவுகோலுமாயிற்று. கேப்டன் டைகரின் ஜான் ஜிரோவோடு முதல் நாளே ஒப்பிடப்படுவார் எவரும் தளர்வர்.

மறுபதிப்புத் தொழிலிலும் ஓவியர்க்குச் சிறுபணிகள் உண்டு. பேச்சுக் குமிழில் உள்ள அயல்மொழி எழுத்தை நீக்குதல், தமிழ் எழுத்தைப் பொருத்துதல், நூலின் அளவு மாறும்போது கட்டங்களைப் பிரித்து அடுக்குதல், அடுக்கும்போது தோன்றும் வெற்றிடத்தை வரைந்து நிரப்புதல் என்பன அவை. ஆங்கிலத்திற் சிறிய குமிழுக்குள் அடங்கும் தொடர் தமிழில் நீளும்; அந்நெருக்கடியைத் தீர்த்தலும் ஒரு கலையே. இப்பணி பார்வைக்குத் தாழ்ந்தது, கல்விக்கு உயர்ந்தது. கட்டங்களைக் கையாற் பெயர்த்து அடுக்குபவர், எக்கட்டத்தை முன்பின் மாற்றினாற் கதை சிதையும் என்பதை விரலாலேயே அறிவார். இக்கல்வி பெற்றோர்க்கு அடுத்த படியாக ஒரு சிறு கதையேனும் வரையத் தரப்பட்டிருப்பின் மரபொன்று முளைத்திருக்கும். அந்த அடுத்த படி நிலையாக அமையவில்லை. இதுவே யாம் காணும் குறை.

பிற வாயில்கள்

வேறிடங்களில் இவ்வாயில் எங்ஙனம் திறந்தது என்பதையும் ஒப்பிட்டுக் காண்போம். சென்னையில் 1947 முதல் வெளிவந்த அம்புலிமாமா, ஓவியரை மாத ஊதியத்திற்கு அமர்த்திற்று. தாராபுரத்தை அடுத்த பகுதியிற் பிறந்த கே.சி. சிவசங்கரன் (1924–2020), சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்று, கலைமகளிற் பணியாற்றி, 1950-களில் அம்புலிமாமாவிற் சேர்ந்து, சங்கர் என்னும் பெயரில் ஏறத்தாழ அறுபதாண்டுகள் வரைந்தார். தோளிற் பிணத்தைச் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமனின் உருவம் அவர் கையது. 2021-இல், அவர் மறைவிற்குப் பின், பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. அவர் வரைந்தவை பெரும்பாலும் விளக்கப்படங்களே. ஆயினும் வேதாளத்தைச் சுமந்த அப்படம் நிலைத்த படமாகாமல் நடந்துகொண்டே இருக்கின்றது. மன்னனின் அடி பெயர்கின்றது. பிணம் ஏதோ சொல்லப் போகின்றது. எச்சம் அறிந்த கை அது. அக்கைக்கு மாத ஊதியம் நேரத்தை வழங்கியது.

தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' மற்றொரு சான்று. நாள்தோறும் சில கட்டங்களே. ஆயினும் நாள்தோறும் ஓவியர்க்கு வேலை. ஒவ்வொரு நாளின் இறுதிக் கட்டமும் மறுநாளுக்கு எச்சம். சிந்துபாத்தின் பயணம் முடிவதேயில்லை. முடியாத செயலைக் 'கன்னித்தீவு' என்றே பொதுமக்கள் எள்ளுவர். அவ்வெள்ளலிலேயே ஒரு புகழ்ச்சி உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பாரையும் நாளிதழுக்கு ஈர்த்த அத்தொடர், இடையறாப் பணியே படக்கதை ஓவியரை உருவாக்கும் என்பதற்குச் சான்று.

பார்சிலோனாவையும் நோக்குக. பிளாஸ்கோ இலண்டன் சென்று குடியேறி வாயிலைத் தட்டியவரல்லர். ஸ்பெயினில் அமைந்த முகவர் நிலையங்கள் இலண்டன் இதழ்களுக்கும் அந்நாட்டு ஓவியர்க்கும் இடைநின்று, கதைத்திட்டத்தை வருவித்தும் வரைந்த பக்கங்களை அனுப்பியும் தொழிலை நடத்தின. பிளாஸ்கோவின் உடன்பிறந்தாரும் அவரோடு சேர்ந்து வரைந்தனர். குடும்பமே ஒரு பட்டறையாயிற்று. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் மாணாக்கரும் இருந்த நிலையும் இதற்கு நிகரானதே. பட்டறை ஈரிடத்தும் இருந்தது. ஈங்கில்லாதவை இரண்டு: கட்டங்களாகப் பிரித்த கதைத்திட்டம், அதனைக் கொணர்ந்து தரும் இடைநிலையார். இவ்விரண்டும் இருந்திருப்பின் கோவில்பட்டி மற்றொரு பார்சிலோனாவாகியிருத்தல் கூடும் என்பது எம் துணிபு.

நுழைவார்க்கு ஓர் ஆற்றுப்படை

இனி, எம். புதுப்பட்டியில் யாம் எண்ணிக்கொண்ட இளம் ஓவியர்க்குத் திறனாய்வு கூறத்தக்கது யாது? பரிசில் பெற்றோன் பெறாதோனை ஆற்றுப்படுத்துவது பண்டை முறை. யாம் பரிசில் பெற்றோமல்லேம். ஆயினும் மேற்கண்ட ஆராய்ச்சி சில நெறிகளைத் தருகின்றது.

முதலாவது, பதிப்பாளரிடமோ ஆசிரியரிடமோ காட்டுவது தனிப்படமாக இருத்தல் ஆகாது. வீரன் ஒருவன் வாளேந்தி நிற்கும் அழகிய படம், ஓவியர் அட்டைக்குத் தகுதியானவர் என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும். நான்கு அல்லது ஐந்து பக்கங்களில் தொடக்கமும் முடிவும் உடைய ஒரு சிறுகதையை வரைந்து காட்டுதல் வேண்டும். அதில் இருவர் அமர்ந்து பேசும் காட்சி ஒன்று அமைதல் நன்று. சண்டைக் காட்சியில் கை மறைத்துக்கொள்ளும் குறையெல்லாம் பேச்சுக் காட்சியில் வெளிப்படும். ஒரே முகத்தைப் பல கோணங்களிலும் அதே முகமாக வரையவல்லாரே உட்பக்கத்திற்கு உரியர்.

இரண்டாவது, குமிழையும் எழுத்தையும் படத்தோடு சேர்த்தே திட்டமிடுதல் வேண்டும். தமிழ்த் தொடர் நீளும் என்பதை முன்னரே அறிந்து, கட்டத்தின் மேற்புறத்தில் இடம் விடுதல் வேண்டும். இடமிருந்து வலமாகச் செல்லும் கண், முதலிற் பேசுவாரை முதலிற் சந்திக்குமாறு உருவங்களை நிறுத்துதல் வேண்டும். செய்யுளியல் கூறும் முன்னம் என்னும் உறுப்பு இதுவே: யார், யார்க்கு, எவ்விடத்து உரைக்கின்றார் என்பது கேட்பார்க்கு ஐயமின்றி விளங்குதல்.

மூன்றாவது, ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுதல் வேண்டும். மூலப்படம் யாருடையது, மறுபதிப்புக்கு ஊதியம் உண்டா, பெயர் அச்சேறுமா என்னும் மூன்றும் வரைவதற்கு முன்னரே தெளிவுறுதல் வேண்டும். பெயரின்றி வரைந்தார் வரலாற்றிலிருந்து மறைந்தனர் என்பதற்கு லேபிள் ஓவியரும் வேலியண்ட் ஓவியரும் போதிய சான்றுகள்.

நான்காவது, வாயில் இன்று சிவகாசியிலும் சென்னையிலும் மட்டும் இல்லை. கணினியின் வழியே பக்கங்களை எந்நாட்டிற்கும் அனுப்ப இயலும். மும்பை ஓவியர் ஆனந்த் ராதாகிருஷ்ணன், ராம் வி எழுதிய 'புளூ இன் கிரீன்' நூலின் உட்பக்க ஓவியத்திற்காக ஜான் பியர்சனோடு சேர்ந்து 2021-இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதைப் பெற்றார். அவ்விருதில் அட்டைப்படத்திற்கு ஒன்றும் உட்பக்கத்திற்கு வேறுமாகத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளமை கருதத்தக்கது. அட்டையும் அகமும் வெவ்வேறு கலைகள் என்பதை அத்தொழிலின் உலகமே ஏற்றுக்கொண்டுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சிவகாசி வட்டாரத்து ஓவியர் படக்கதையின் வாயிலில் நின்றமைக்குக் காரணம் கைத்திறக் குறை அன்று என்பதும், அந்நிலத்துத் தொழில் மெய்ப்பாட்டிற்குக் கூலி தந்து எச்சத்திற்குக் கூலி தாராமையே காரணம் என்பதும் பெறப்படும். ஊதியமும் இடையறாப் பணியும் கதைத்திட்டமும் கிடைத்த இடங்களில் அக்கலை வளர்ந்தது.

இவற்றுள் ஊதியம் பதிப்பாளர் கடன். வரைதல் ஓவியர் கடன். கதைத்திட்டமோ நம்மவர் கடன். கட்டம் கட்டமாகக் கதையைப் பிரிக்கவும், எதனைச் சொல்லிலும் எதனைக் குறிப்பிலும் வைப்பது எனத் துணியவும் பயிற்சி உடையார் தமிழ் பயின்றோரே. எச்சத்தையும் முன்னத்தையும் தேர்வுக்காகப் படித்து மறக்கும் முதுகலை மாணவர், ஒரு பருவத்தில் ஐந்து பக்கக் கதைத்திட்டம் ஒன்றை எழுதி, வரைவார் ஒருவரிடம் தந்து, அது கட்டங்களாக மாறுவதைக் காண்பராயின் செய்யுளியலும் அவர்க்கு விளங்கும். ஓவியர்க்கும் காட்டுதற்கு ஒரு கதை கிடைக்கும்.

மற்றொரு பணியும் காலந்தாழ்த்த இயலாதது. லேபிள்களும் நாட்காட்டிப் படங்களும் அட்டைகளின் மூலஓவியங்களும் அச்சகப் பரண்களிலும் இல்லங்களிலும் கரையானுக்கு இரையாகி வருகின்றன. அவற்றைத் தொகுத்து, வரைந்தோர் பெயரைக் கேட்டறிந்து பதிவுசெய்தல் தமிழ்த்துறைகளின் பொறுப்பு. திருவாரூரில் சிங்காதனத்தின் பெயர் சுவரிலேயே இருந்தமையால் நாம் அறிந்தோம். சிவகாசித் தாளில் வரைந்தோரின் பெயரை, அறிந்தார் வாழும் காலத்திலேயே எழுதி வைத்தல் வேண்டும்.